கால் ஊன்றுகிற வரைக்கும்

பைக் ஓட்டுவது பற்றி இந்த முறை வந்த வாசகர் கடிதங்களை மேசையில் பரப்பிப் பார்த்தேன். மைலேஜ், டயர், செயின் எல்லாம் ஓரமாகப் போய்விட்டன. அறுபதை ஒட்டியவர்களும் அவர்கள் வீட்டாரும் எழுதியவைதான் அதிகம். ஆகவே இந்த மாதம் முழுக்க அவர்களுக்கே. வழக்கம்போல் பெயரை விட்டுவிட்டு, ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் அடைப்புக்குள் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். அதன் கீழே என் பதில். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்லிக்கொள்கிறேன்: நான் பெங்களூரு அல்சூர்க்காரன், வயது 68. தொழிற்சாலை ஒன்றின் டூல்ரூமில் 35 வருடம் வேலை பார்த்தவன். 1984-ல் வாங்கிய யெஸ்டி ரோட்கிங்கும் 2021-ல் வாங்கிய மீட்டியோர் 350-ம் என்று இரண்டு பைக்குகள் வாசலில் நிற்கின்றன. இரண்டையும் ஓட்டுகிறேன்.

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வயது 62. மகள் படிப்புக்காக 1997-ல் என் புல்லட்டை விற்றேன். அதன்பிறகு கார்தான். இப்போது மறுபடி ஒரு பைக் வாங்க ஆசை. "இந்த வயசுல எதுக்கு இந்த வேலை?" என்கிறார்கள் மனைவியும் மகனும். எனக்கே ஒரு சந்தேகம்: நான் தேடுவது வண்டியையா, அந்த வயதையா? பழைய சுகம் திரும்பக் கிடைக்குமா? (மல்லேஸ்வரம், பெங்களூரு)

ஐயா, பழைய சுகம் கிடைக்காது. வேறொன்று கிடைக்கும், அது பழையதைவிடப் பெரிது என்பது என் அனுபவம்.

எனக்கு 27 வயதில் ஓசூர் வரை உள்ள நாற்பது கிலோமீட்டரை எத்தனை நிமிடத்தில் முடித்தேன் என்று வாட்ச்சைப் பார்ப்பதுதான் வேலை. நூறு தடவையாவது போயிருப்பேன். அந்த ரோட்டில் இன்று எனக்கு ஞாபகமிருப்பது முன்னால் போன லாரிகளின் பின்பலகை மட்டும்தான். போன மார்கழியில் ஒரு ஞாயிறு விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினேன். கே.ஆர். புரம் தொங்கு பாலம் தாண்டி, ஹொசகோட்டையில் இடது பக்கம் சிந்தாமணி ரோடு. நந்தகுடி வரைக்கும் அறுபதைத் தாண்டவில்லை. அந்த ரோட்டை இப்போது கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன். முதலில் தைலமரத் தோப்பின் வாசனை. பிறகு ஏரிக்கரையை ஒட்டி ரோடு இறங்குகிற இடத்தில் முழங்காலில் மட்டும் சில்லென்று ஒரு குளிர். மேடேறியதும் அது விட்டுவிடும். அடுத்த இறக்கத்தில் மறுபடி பிடிக்கும். பள்ளத்தில் தங்கியிருக்கும் குளிர்ந்த காற்று அது. காரில் எத்தனை தடவை அந்த வழியாகப் போயிருந்தாலும் அங்கே ஓர் ஏரி இருப்பது முழங்காலுக்குத் தெரிந்திருக்காது. அப்புறம் மல்பெரித் தோட்டம், பட்டுப்புழு வளர்க்கும் கொட்டகையின் அந்த ஒரு மாதிரிப் பச்சை நாற்றம், ஹெச் கிராஸில் டீக்கடை அடுப்புப் புகை. வண்டியிலிருந்து இறங்கி டம்ளரைக் கையில் பிடித்தபோது விரல்கள் மரத்திருந்தன. அந்தச் சூட்டை இரண்டு கைக்கும் மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டு நின்றேன். 27 வயதில் நான் அந்த டீயைக் குடித்திருக்கவே மாட்டேன். நிற்பது தோல்வி என்று நினைத்திருந்த காலம் அது.

வயது வேகத்தை எடுத்துக்கொள்கிறது. அது விட்டுப்போகும் இடத்தில் கவனம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆகையால் ஆசையைப் பற்றிச் சந்தேகம் வேண்டாம். வாங்குங்கள்.

நீங்கள் பயப்பட வேண்டிய இடம் வேறு, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நீங்கள் விற்ற புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இன்றைக்குக் கடையில் நிற்கும் எல்லா வண்டியிலும் கியர் இடது, பிரேக் வலது. "அதெல்லாம் பழகிடும்" என்பார்கள். சும்மா ஓட்டும்போது பழகிவிடும், உண்மைதான். குறுக்கே ஒரு நாய் வரும்போது மூளையைக் கேட்காமல் கால் பழைய இடத்துக்குப் போகும். பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பீர்கள். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 14 மீட்டர் போகிறோம். அரை விநாடி கால் தடுமாறினால் ஏழு மீட்டர், ஏறக்குறைய ஒரு லாரியின் நீளம்.

அதனால் வண்டி வந்ததும் முதல் இரண்டு மூன்று ஞாயிறு ரோட்டுக்குப் போக வேண்டாம். காலி மைதானத்தில் முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு வந்து, மகனைக் கை தட்டச் சொல்லி, சத்தம் கேட்டதும் நிறுத்துங்கள். ஐம்பது தடவை. நூறு தடவை. கால் தானாக வலது பக்கம் போகிற வரைக்கும். அதோடு கூடவே முன் பிரேக்கையும் பழகுங்கள். பழைய புல்லட்டின் முன் டிரம் பிரேக் வண்டியை நிறுத்தியதைவிடப் பிரார்த்தனை செய்யவைத்ததே அதிகம். அதனால் நம் தலைமுறைக்குப் பின் பிரேக்கின் மேல்தான் நம்பிக்கை. இப்போது முன்னால் டிஸ்க். 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம், ஆகவே முன் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும் என்ற பழைய பயமும் தேவையில்லை. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு அந்த முன் பிரேக்குடையது.

மகனைக் கை தட்டக் கூப்பிடச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் எவ்வளவு பொறுமையாகப் பழகுகிறீர்கள் என்று அவர் கண்ணால் பார்த்துவிட்டால், வீட்டில் பாதிப் பேச்சு தானாக அடங்கிவிடும்.

அப்பாவுக்கு 71 வயது. ஓசூரில் இருக்கிறார். வாரம் ஒருமுறை பைக்கிலேயே கிருஷ்ணகிரி போய் வருகிறார். நான் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை செய்கிறேன். அவர் போனை எடுக்காத ஒவ்வொரு நிமிடமும் எனக்கு உயிர் போகிறது. சாவியை ஒளித்துவைக்கலாமா? (பெங்களூரு)

வேண்டாம், அம்மா. சாவி ஒளித்துவைக்கப்பட்ட அன்றைக்கு அவர் உண்மையிலேயே கிழவராகிவிடுவார். மாற்றுச் சாவி செய்துகொண்டு உங்களுக்குத் தெரியாமல் போக ஆரம்பித்தால் அதுதான் ஆபத்து.

ஒரு சனிக்கிழமை ஓசூர் போங்கள். அவர் கிளம்பும்போது நீங்களும் ஸ்கூட்டரிலோ காரிலோ பின்னால் போங்கள். ஒளிந்து பின்தொடர வேண்டாம், சொல்லிவிட்டே போங்கள். சிக்னலில் வண்டி நிற்பதற்குள் கால் தரைக்கு வருகிறதா, நின்று ஆடியபிறகு வருகிறதா? லேன் மாறும்முன் கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறாரா, கண்ணாடியோடு நிறுத்திக்கொள்கிறாரா? திரும்பி முடித்தபிறகும் இண்டிகேட்டர் எரிந்துகொண்டே இருக்கிறதா? வளைவில் வண்டி நடுக்கோட்டுப் பக்கம் ஒதுங்குகிறதா? இவற்றைப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் லெக் கார்டிலும் ஹேண்டில்பார் நுனியிலும் புதிய சிராய்ப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். வண்டி பொய் சொல்லாது.

எல்லாம் சரியாக இருந்தால் உங்கள் பயத்தை நீங்கள்தான் குறைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று தவறாக இருந்தால் உட்கார்ந்து பேசுங்கள். "ஓட்டாதீங்க" என்று தொடங்காமல், "ஆறு மணிக்கு மேல வேணாம்ப்பா" என்று தொடங்குங்கள். அப்பாக்கள் நேரத்தை விட்டுக்கொடுப்பார்கள், வண்டியை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். கிருஷ்ணகிரிக்கு அவர் எதற்காகப் போகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டீர்களா? அங்கே யாரோ ஒரு பழைய நண்பர் இருப்பார். அடுத்த முறை நீங்களும் கூடப் போய் அவரைப் பாருங்கள்.

லைசென்ஸையும் எடுத்துப் பாருங்கள். 55 வயதுக்கு மேல் ஐந்து ஐந்து வருடத்துக்குத்தான் புதுப்பிக்கிறார்கள். டாக்டர் கையெழுத்திட்ட படிவம் 1-ஏ வேண்டும். காலாவதியாகி ஒரு வருடம் தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டிக்காட்ட வேண்டும். அந்த டாக்டர் சான்றிதழைச் சம்பிரதாயமாக வாங்காமல், உண்மையான கண் பரிசோதனையோடு வாங்கவைத்தால் உங்களுக்கும் நிம்மதி.

பழைய 350 புல்லட் வைத்திருக்கிறேன். 59 வயதில் முழங்கால் வலி. கிக் அடிக்க முடியவில்லை. போன மாதம் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்கால் வீங்கிவிட்டது. விற்க மனமில்லை. (வேலூர்)

கிக் அடிப்பது பலத்தால் ஆகிற வேலை இல்லை, அண்ணா. அந்த இன்ஜினில் சிலிண்டர் அகலம் (போர்) 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் (ஸ்ட்ரோக்) 90 மில்லிமீட்டர், ஒரே பிஸ்டன். அது மேலே அழுத்தத்தோடு நிற்கும்போது அதன்மேல் ஏறிக் குதித்தால் முழங்கால்தான் தோற்கும்.

சாவியைப் போட்டு, கிக்கரைக் காலால் மெல்ல அழுத்திக்கொண்டே, மின்னோட்டம் காட்டும் அம்மீட்டர் முள்ளைப் பாருங்கள். மைனஸ் பக்கம் சாய்ந்திருந்த முள் நடுவுக்கு வரும். ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடும் பாயின்ட் திறந்துகொண்டது என்று அர்த்தம். அங்கே, சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை இன்னும் ஒரு விரற்கடை தள்ளுங்கள். பிஸ்டன் உச்சியைத் தாண்டிவிட்டது. லீவரை விடுங்கள். கிக்கரை முழுக்க மேலே வரவிடுங்கள். இப்போது உடம்பு எடையோடு ஒரே சீரான மிதி, அடிவரைக்கும். பாதியில் நிறுத்தினால்தான் திருப்பி அடிக்கும். மிதிக்கும்போது ஆக்சிலரேட்டரைத் தொட வேண்டாம்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்தும் திருப்பி அடிக்கிறது என்றால் டைமிங், அதாவது ஸ்பார்க் விழும் நேரம், முன்னால் தள்ளியிருக்கிறது. பாயின்ட் இடைவெளியையும் டைமிங்கையும் பழைய புல்லட் தெரிந்த மெக்கானிக்கிடம் பார்த்து வையுங்கள். பாயின்ட் சுத்தமாக இருந்தால் என் தெருவில் ஒருவர் ரப்பர் செருப்போடு கிக் அடிப்பார். நீங்கள் ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சை வரைக்கும் போனால், கிக் அடிப்பதைப் பற்றி அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. அப்போதும் விற்க வேண்டாம். செல்ஃப் ஸ்டார்ட் வண்டி ஒன்றை ஓட்டிக்கொண்டு, புல்லட்டை மகன், மருமகன் யாரையாவது கிக் அடிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் ஓட்டுங்கள். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

இரவில் எதிரே வரும் வண்டிகளின் லைட் கண்ணை அடிக்கிறது. 64 வயது. படிக்கவும் தூரத்துக்கும் சேர்த்து ஒரே கண்ணாடி. (பானஸ்வாடி, பெங்களூரு)

வயதாக ஆக இருட்டில் கண்மணி முன்போல விரியாது. உள்ளே போகும் வெளிச்சம் குறைவு. லென்ஸும் மங்கத் தொடங்குகிறது. மங்கிய லென்ஸில் பட்ட ஒளி சிதறி, எதிர் லைட்டைச் சுற்றி ஒரு வட்டமாகத் தெரியும். அது கண்புரையின் ஆரம்பமாக இருக்கலாம். முதலில் கண் டாக்டர், மற்றதெல்லாம் அப்புறம்.

எனக்கு 65-ல் இரண்டு கண்ணிலும் கண்புரை எடுத்தார்கள். டாக்டர் சரி என்று சொன்ன பிறகு முதல் தடவை வண்டியை எடுத்துக்கொண்டு அல்சூர் ஏரியைச் சுற்றி வந்தேன். வள்ளுவர் சிலைக்குப் பக்கத்தில் உள்ள மரத்தில் தனித்தனி இலை தெரிந்தது. எத்தனை வருடம் பச்சையாக ஒரு மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அந்தக் கண்ணோடு நாற்பது வேகத்தில் போயிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. அதனால்தான் தள்ளிப்போடாதீர்கள் என்கிறேன்.

வண்டிக்கென்று தூரப் பார்வைக் கண்ணாடி தனியாகச் செய்துகொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்த கண்ணாடியில் கீழ்ப்பகுதி படிப்பதற்கு. அதன் வழியாகக் குழியைப் பார்த்தால் குழி இடம் மாறித் தெரியும். காது பிடி மெல்லியதாகவும் நேராகவும் இருந்தால் ஹெல்மெட்டுக்குள் சுலபமாக நுழையும். ஹெல்மெட் வைசரை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். மெல்லிய கீறல்கள் வலை மாதிரி தெரிந்தால் மாற்றிவிடுங்கள், ஒவ்வொரு கீறலும் ஒளியைச் சிதறடிக்கும். நான் இருட்டியபின் ஓட்டுவதை நிறுத்தி மூன்று வருடமாகிறது. விடியற்காலை என் பங்கு என்று எடுத்துக்கொண்டேன். பெங்களூரில் அந்த நேரத்துக்கு ஈடான நேரம் கிடையாது.

52 வயது, பள்ளி ஆசிரியை. ஸ்கூட்டர் ஓட்டுவேன். கியர் பைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது கல்லூரிக் காலத்து ஆசை. அன்று அண்ணன்கள் தரவில்லை. இன்று கேட்டால் வீட்டில் சிரிக்கிறார்கள். தாமதமாகிவிட்டதா? (ஜெயநகர், பெங்களூரு)

இல்லை, சகோதரி. இந்த மாதக் கடிதங்களில் நான் மூன்று தடவை படித்தது உங்களுடையது.

நீங்கள் புதிதாகக் கற்க வேண்டியது ஒரே ஒரு விஷயம்: கிளட்ச். சமநிலை, பிரேக், பெங்களூரு டிராஃபிக், ஆட்டோக்காரர் எந்தப் பக்கம் திரும்புவார் என்ற ஞானம், எல்லாம் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. 18 வயதுப் பையனுக்கு அதில் ஒன்றுமே இருக்காது. அவனுக்கு நான் நாலு வாரம் சொல்லிக்கொடுப்பேன் என்றால் உங்களுக்கு இரண்டு வாரம் போதும்.

100 அல்லது 125 சிசி வண்டியில் தொடங்குங்கள். பெரும்பாலானவை 120 கிலோவை ஒட்டித்தான் இருக்கும், சாய்ந்தால் பிடித்துக்கொள்ளலாம். முதல் நாள் ஆக்சிலரேட்டரைத் தொடவே வேண்டாம். முதல் கியரைப் போட்டு, கிளட்சை மட்டும் அரிசி களைகிற பொறுமையோடு மெல்ல மெல்ல விடுங்கள். ஓர் இடத்தில் வண்டி மூக்கை நீட்டுகிற மாதிரி முன்னால் நகரும். அங்கேயே கையை நிறுத்துங்கள். மறுபடி பிடியுங்கள். அந்த ஒரு இடத்தைக் கை கண்டுபிடித்துவிட்டால் முக்கால்வாசி முடிந்தது. என் மனைவிக்கு 1992-ல் தமிழ்ச் சங்கத்துக்குப் பக்கத்துத் தெருவில் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தாள். எனக்கு என் மாமா சொல்லிக்கொடுத்தபோது மூன்று நாள் ஆனது.

உங்கள் லைசென்ஸில் கியர் இல்லாத வண்டி மட்டும் குறிப்பிட்டிருந்தால், கியர் உள்ளதற்கு எல்.எல்.ஆர். போட வேண்டும். ஆறு மாதம் செல்லும். முப்பது நாள் கழித்து டெஸ்ட்டுக்குப் போகலாம். பாஸானதும் எனக்கு எழுதுங்கள். முதல் நீண்ட பயணத்துக்கு ஒரு வழி சொல்கிறேன்: கனகபுரா ரோடு, காலை ஆறு மணி.

பைக் ஓட்டினால் மூளைக்கு நல்லது என்று ஆராய்ச்சி இருக்கிறதாமே? (சேலம்)

இருக்கிறது. ஜப்பானில் தோஹோக்கு பல்கலைக்கழகத்தில், பல வருடம் ஓட்டாமல் விட்டிருந்த நடுவயதுக்காரர்களை இரண்டு மாதம் மறுபடி ஓட்டவைத்து, நினைவாற்றல் போன்றவை தேறியதாகச் சொன்னார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருபது நிமிடப் பயணத்தில் மன அழுத்தத்தைக் காட்டும் ஹார்மோன் அளவுகோல் 28 சதவீதம் குறைந்ததாக அளந்தார்கள். முதலாவதில் யமஹாவும் இரண்டாவதில் ஹார்லி டேவிட்சனும் கூட்டு. வண்டி விற்பவர்கள் கலந்துகொண்ட ஆராய்ச்சி என்பதை நினைவில் வைத்தே படிக்க வேண்டும். இதற்காக யாரும் வண்டி வாங்க வேண்டாம். பிடித்தால் வாங்குங்கள்.

சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். நீண்ட தூரம் ஓட்டலாமா? (தும்கூர் ரோடு, பெங்களூரு)

டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். என் மாத்திரை சர்க்கரையைத் தாழ்நிலைக்குக் கொண்டுபோகிற வகையா? என் பாதத்தில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா?

முதலாவது எல்லோருக்கும் தெரியும். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் கை நடுங்கும், வேர்க்கும், புத்தி மங்கும். நாலு சக்கரத்தில் ஓரங்கட்டலாம். இரண்டு சக்கரத்தில் அதற்குக்கூட நேரமிருக்காது. சாப்பிடாமல் கிளம்பாதீர்கள். குளுக்கோஸ் பொட்டலம் டேங்க் பையில் வேண்டாம், சட்டைப் பையில் இருக்கட்டும். இரண்டாவதை யாரும் யோசிப்பதில்லை. பாதம் மரத்துப்போனவருக்குப் பிரேக் பெடல் மேல் கால் இருக்கிறதா, எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தெரியாது. என்னோடு வேலை பார்த்த ஒருவர் பின் பிரேக்கை லேசாக மிதித்தபடியே மாலூர் வரைக்கும் போய்விட்டார். டிரம் சூட்டில் புகைந்தபிறகுதான் அவருக்கே தெரிந்தது. அவர் பாதத்தில் பிரச்சினை இருப்பதை முதலில் கண்டுபிடித்தது அந்த வண்டிதான்.

சளி, அலர்ஜி மாத்திரை போட்ட நாளில் ஓட்டவே வேண்டாம். தூக்கம் சொல்லிவிட்டு வராது. மற்றபடி 60 கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம், ஒரு டம்ளர் தண்ணீர், பத்து நிமிட நடை. போய் வாருங்கள்.

சென்னையிலிருந்து நண்பர்களோடு பெங்களூரு வழியாக மைசூரு போகிறோம். எல்லோரும் 55-க்கு மேல். புதிய விரைவுச் சாலையில் பைக் விடுவார்களா? (சென்னை, பெரம்பூர்)

விடமாட்டார்கள். 2023 ஆகஸ்ட் முதல் பிரதான பாதையில் இருசக்கர வண்டிகளுக்குத் தடை. சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும். வருத்தப்படாதீர்கள். பழைய ரோட்டுக்குள் இறங்கினால்தான் பிடதியில் தட்டை இட்லி, மத்தூரில் வடை. விரைவுச் சாலைக்காரர்களுக்கு அது கிடைக்காது. மைசூரில் யாதவகிரிப் பக்கம் போனால் ஒரு நிமிடம் வண்டியை நிறுத்துங்கள். 1960-களில் தொடங்கி 1996 வரைக்கும் ஜாவாவும் யெஸ்டியும் பிறந்த இடம் அது. என்னுடைய ரோட்கிங்கும் அங்கேதான் பிறந்தது.

நீங்கள் எப்போது நிறுத்துவீர்கள்? (திருப்பத்தூர்)

ஒரே வரிக் கடிதம். ஒரு வாரம் யோசித்தேன்.

63 வயதில் நான் வைத்திருந்தது சீட் உயரமான ஒரு வண்டி. ஒருநாள் பெட்ரோல் பங்கில் வரிசையில் நின்றபோது இடது கால் வைத்த இடத்தில் டீசல் சிந்தியிருந்தது. கால் வழுக்கியது. வண்டி ஓடவில்லை, இன்ஜின்கூட ஆன் இல்லை. மரம் சாய்கிற மாதிரி நிதானமாகச் சாய்ந்தது. இளவயதில் அதே சாய்வைத் தொடையால் தாங்கி நிமிர்த்தியிருப்பேன். அன்று முடியவில்லை. கூடவே போனேன். நல்லவேளையாக லெக் கார்டு கீழே கிடந்த காலைக் காப்பாற்றியது. ஓடிவந்த பையன்கள் தூக்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் முட்டியில் மஞ்சள் பற்றுப் போட்டாள். பிறகு, "உயரம் கம்மியா ஒண்ணு பாருங்க" என்றாள். நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. அடுத்த வருடம் மீட்டியோர் வாங்கினேன். எடை 191 கிலோ, பழையதுக்குக் குறைவில்லை. ஆனால் சீட் 765 மில்லிமீட்டர். இரண்டு பாதமும் குதிகாலோடு தரையில் பதிகிறது.

அதிலிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் தேதி வாசலில் ஒரு சோதனை செய்துகொள்கிறேன். வண்டியை நேராக நிறுத்தி இடப் பக்கமும் வலப் பக்கமும் சாய்த்து, ஒற்றைக் காலால் தாங்கி நிமிர்த்துகிறேன். கழுத்தைத் திருப்பித் தோளுக்கு மேலாகப் பக்கத்து வீட்டு கேட் நம்பரைப் படிக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து எண்ணுகிறேன். வருடத்துக்கு ஒருமுறை பழைய மெத்தை விரித்து அதன்மேல் ரோட்கிங்கைப் படுக்கவைத்துத் தூக்கிப் பார்க்கிறேன். வலப் பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை இறக்கிவிட வேண்டும். பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டி, இடுப்பை சீட்டில் ஒட்டிக் குந்தி, ஒரு கை ஹேண்டில்பாரிலும் ஒரு கை பின்கம்பியிலும் பிடித்து, காலால் பின்பக்கமாக நடந்தபடி நிமிர்த்துவது. குனிந்து தூக்கினால் முதுகு போய்விடும். இந்தச் சோதனைகளில் ஒன்று தவறினால் மறுமாதம் மறுபடி பார்ப்பேன். மறுமாதமும் தவறினால் நிறுத்துவேன். காலண்டரைப் பார்த்து நிறுத்தமாட்டேன்.

டூல்ரூமில் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த ஃபோர்மேன் அண்ணாவுக்கு இப்போது 83. அவர் 76-ல் நிறுத்தினார். யாரும் சொல்லி இல்லை. காக்ஸ் டவுன் சிக்னலில் நின்றபோது வலது கால் இரண்டு தடவை தேடித்தான் தரையைக் கண்டுபிடித்ததாம். அங்கேயே இறங்கி வண்டியை வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தார். அடுத்த வாரம் விற்றுவிட்டார்.

ஞாயிறு சாயங்காலம் ஆட்டோவில் எங்கள் வீட்டுக்கு வருவார். நான் ரோட்கிங்கைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திவைத்திருப்பேன். பெட்ரோல் டேப்பைத் திறப்பது அவர் வேலை. கிக் அடிப்பது என் வேலை. இரண்டு சைலன்சரிலும் நீலப்புகை வந்து அடங்கியதும் மெதுவாகக் காலைத் தூக்கிப்போட்டு ஏறி உட்காருவார், நான் முழங்கையைப் பிடித்துக்கொள்வேன். தலையைச் சாய்த்து இன்ஜினைக் கேட்பார். "வலது சைலன்சர்ல கரி ஏறியிருக்கு, கழட்டிப் பாரு" என்பார். போன வாரம் கழட்டிப் பார்த்தேன், ஏறியிருந்தது. சுத்தம் செய்து மாட்டிவைத்திருக்கிறேன், இந்த ஞாயிறு அவர் வந்து கேட்க வேண்டும்.